காடிலாக்கும் நாமக்கல் பாடியும்: பெயர் யாருடையது?

அமெரிக்கர் ஒரு பொருளின் உயர்வை ஒரே சொல்லில் சொல்ல விரும்பினால், அது அந்த வகையின் ‘காடிலாக்’ என்பர். நம் பக்கத்து லாரி உரிமையாளர் வண்டியை விற்கும்போது ‘நாமக்கல் பாடி’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். இவ்விரு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பேசினால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். முன்னது வரலாறு, பின்னது பட்டறை. முன்னது பிராண்டு, பின்னது பிழைப்பு என்பது அச்சிரிப்பின் பொருள். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறோம். அது அறியாமையில் பிறந்தது. அவ்வறியாமை நாமக்கல்லைப் பற்றியது மட்டுமன்று, காடிலாக்கைப் பற்றியதுந்தான் என்பது நம் கட்சி.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1701இல் டெட்ராய்ட் நகருக்கு அடிகோலிய பிரெஞ்சுக்காரர் அந்துவான் த லா மோத் காடிலாக். 1902இல் அந்நகரில் தோன்றிய கார் நிறுவனம் அவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டது; அவருடைய குடும்பக் கேடயச் சின்னத்தையும் எடுத்துக் காரின் முகப்பில் பொறித்தது. பரம்பரைப் பிரபுக்களின் முத்திரை என்று பார்த்தவர் மயங்கினர். ஆனால் அம்மனிதரின் இயற்பெயர் அந்துவான் லோமே. அவர் பிரபு குலத்தில் பிறந்தவர் அல்லர். கடல் கடந்து வட அமெரிக்கா சேர்ந்த பிறகு, தம் ஊர்ப்பக்கத்துப் பிரபு ஒருவரின் சின்னத்தைத் தழுவித் தமக்கொரு வம்சத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர். உலகம் அண்ணாந்து பார்த்த அந்தக் கேடயம் ஒரு கட்டுக்கதை. புகழுக்குக் குலம் வேண்டும் என்று நம்புவோர் இதை நினைவில் இருத்துவது நன்று.

சின்னந்தான் பொய், புகழ் பொய்யன்று. அதைச் சம்பாதித்தவர் ஹென்றி லேலண்ட். துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், நுண்ணளவுக் கருவிகள் செய்யும் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்திலும் கைத்தொழில் பழகியவர். ஹென்றி ஃபோர்டு விலகிச் சென்ற ஒரு நிறுவனத்தை விற்றுத் தீர்ப்பதற்காக விலை மதிக்க அழைக்கப்பட்ட அவர், விற்க வேண்டாம், கார் செய்யுங்கள் என்று சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் காடிலாக்.

அக்காலத்தில் கார் ஒவ்வொன்றும் தனித்தனியே அரம் போட்டு இழைத்துப் பொருத்தப்பட்டது. ஒரு காரின் உறுப்பு இன்னொன்றில் சேராது. 1908இல் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மூன்று காடிலாக் கார்களைப் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் வைத்து அக்கக்காகப் பிரித்தது. உறுப்புகள் அனைத்தும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அவற்றில் 89 உறுப்புகளை எடுத்துவிட்டு, கிடங்கிலிருந்த புதியவற்றை இட்டனர். பிறகு ஸ்பானரும் திருப்புளியும் மட்டும் கொண்டு மூன்று கார்களும் மறுபடி பூட்டப்பட்டன. 500 மைல் ஓட்டியும் பார்க்கப்பட்டன. மூன்றும் தேறின. அவ்வாண்டுக்கான டியூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில், 1912ஆம் ஆண்டு மாடலில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவதும், அது எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிவதும் அத்தோடு ஒழியத் தொடங்கின. ‘உலகின் தரஅளவு’ என்று காடிலாக் தன்னை அழைத்துக்கொண்டது வெறும் வாய்ச்சவடால் அன்று. அந்நியர் பிரித்துப் போட்டுச் சோதித்த பிறகு கிடைத்த தகுதி அது.

இனி, அந்தத் தகுதி கரைந்த கதை. 1909இல் ஜெனரல் மோட்டார்ஸ் காடிலாக்கை வாங்கியது. 1917இல் லேலண்ட் வெளியேறி லிங்கன் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1922இல் அதை ஃபோர்டு வாங்கிக்கொண்டது. செய்தவன் போனான், பெயர் நின்றது. பெயர் தனியே நிற்கும்போது என்ன செய்யும்? வாசலில் நின்று ஆள் பார்க்கும். 1930களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்குக் கார் விற்பதில்லை என்பது காடிலாக்கின் கொள்கையாக இருந்தது. பொருள் படைத்த கறுப்பினத்தவர், வெள்ளையர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அவர் பெயரில் வாங்க வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த நாட்டினரான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பொருளாதார மந்தத்தில் காடிலாக்கையே மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்தபோது, பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவர் நிக்கோலஸ் டிரைஸ்டாட் அந்தக் கதவைத் திறக்கும்படி வாதாடினார். திறந்ததும் விற்பனை மீண்டது என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். பழுதான வண்டியைக் கொண்டுவரும் வாடிக்கையாளரின் முகத்தை நேரில் கண்டவர் டிரைஸ்டாட். பெயரைக் காத்தவர் அவர்தான். பெயரின் தூய்மையைக் காத்தவர்கள் அதைப் புதைக்கத் தயாராக இருந்தனர்.

1948இல் காரின் வாலில் துடுப்புகள் முளைத்தன. போர் விமானத்தைப் பார்த்து வரைந்தவை அவை. 1959க்குள் அவை ஆள் கண்ணில் குத்தும் உயரத்துக்கு வளர்ந்தன. அவற்றால் வண்டி விரைவாக ஓடிவிடவில்லை. 1982ஆம் ஆண்டு மாடலாகச் சிமரான் வந்தது. மலிவான ஷெவர்லே காரின் அடித்தளத்தின்மேல் காடிலாக் கேடயத்தை ஒட்டிய வண்டி அது. வாங்கியவர்கள் ஏமாறவில்லை, 1988இல் அது நிறுத்தப்பட்டது. உச்சக் கேவலம் பிறகு வந்தது. 1998ஆம் ஆண்டின் விற்பனையில் லிங்கனை இருநூற்றுச் சொச்சம் வண்டிகளால் வென்றதாகக் காடிலாக் அறிவித்தது. கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்று 1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது. வென்றது லிங்கன்! மயிரிழை பிசகாமல் உறுப்புகளை அளக்கக் கற்பித்த மனிதரின் முதல் பிள்ளை எண்ணிக்கையில் பொய் சொல்லி, இரண்டாவது பிள்ளையிடம் தோற்றது. புகழ் என்பது செய்நேர்த்தி ஈட்டிய முதல். அதைத் துடுப்பிலும் கேடயத்திலும் செலவிட்டால் ஒருநாள் கணக்கைத் திருத்தி எழுதத்தான் வேண்டியிருக்கும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் சமவெளிக்கு வருவோம். நம் முதியவர்களுக்குக் கார் என்றாலே ‘பிளஷர்’. பிறர் உட்காரும் சுகப்பொருள். நம்முடையது லாரி. வானம் பார்த்த பூமியில் வேளாண்மையை மட்டும் நம்ப இயலாத குடும்பங்கள் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் மாறின. வண்டி ஓட்டியதோடு நில்லாமல் வண்டியின் உடலையும் கட்டத் தொடங்கின. ஓசூர் ஆலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் சட்டகமும் மட்டுமாகக் கூண்டில்லாத சேஸிஸ், தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் வெயிலும் காற்றும் நேரே முகத்தில் அறைய ஓட்டிவர, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் கடந்து நாமக்கல் சேரும் காட்சி நெடுங்காலம் நம் சாலைகளில் வழக்கமாக இருந்தது. பட்டறையில் தச்சர், வெல்டர், டிங்கர், எலக்ட்ரீசியன், பெயிண்டர் என்று பல கைகள் கூடி அந்த எலும்புக்கூட்டுக்கு உடல் கொடுக்கின்றன. பிற மாநிலத்தவரும் இங்கு வந்து கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களை அழைத்துவந்தது எந்த விளம்பரமும் அன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள்தாம்.

ஆயினும் வண்டியின் நெற்றியில் பெரிதாக ஒளிர்வது சேஸிஸ் செய்த நிறுவனத்தின் பெயர். உடல் கட்டிய பட்டறையின் பெயர் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும். தச்சர் பெயர் எங்கும் இல்லை.

சேஸிஸ் கடந்துவந்த தருமபுரி, பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுடைய வலிமையைப் பகைவர்க்கு உணர்த்த ஔவையார் புறநானூற்றின் 87ஆம் பாட்டில் எடுத்த உவமை எது? சிங்கமன்று, மலையன்று. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுதும் கருதிச் செய்த ஒரு சக்கரம்! மன்னனை அளக்கப் புலவர் கையில் எடுத்த கோல் ஒரு தொழிலாளியின் செய்நேர்த்தி. வேகத்தையும் பொறுமையையும் ஒருங்கே அறிந்த அந்தக் கை லேலண்டின் கைக்கு எவ்வகையில் தாழ்ந்தது? இப்பாட்டை வகுப்பறையில் உவமை நயம் என்று மதிப்பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, வெளியே வந்து பட்டறைக்காரன் என்று இளக்காரமாகப் பேசும் தமிழறிஞர் கூட்டத்தை என்னென்பது? சங்கத் தச்சனுக்குப் பொழிப்புரை, நாமக்கல் தச்சருக்கு ஏளனம். இது இலக்கியக் கல்வி ஆகாது.

மறுபக்கத்தாரையும் விட்டுவைக்க நாம் விரும்பவில்லை. ‘எங்கள் கையே அளவு, எங்களுக்கு எதற்குச் சோதனை’ என்று மார்தட்டுவோர் நம் ஊரிலேயே உண்டு. கையின் பெருமை கை இருக்கும்வரைதான். புரூக்லண்ட்ஸில் வென்றது, முன்பின் அறியாத ஒருவர் பிரித்துப் பூட்டினாலும் சேரும் அளவு. லாரி உடலுக்கும் ஓட்டுநர் அறைக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி வந்துவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டருகே வெந்த ஓட்டுநருக்கு இது நியாயம். இதை எதிர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஆலையே முழுதாகக் கட்டித்தரும் வண்டிகள் பெருகும் காலத்தில், ஒரு வடிவத்தைச் சோதித்துச் சான்று பெறும் செலவை ஆயிரக்கணக்கான வண்டிகளின்மேல் பரப்பும் பெருநிறுவனமும், சில டஜன் வண்டிகளின்மேல் ஏற்ற வேண்டிய பட்டறையும் ஒரே தராசில் நிறுத்தப்படுகின்றன. சட்டம் சமம், சுமை சமமன்று.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. பல பட்டறைகள் சேர்ந்து பொது வடிவங்களை உருவாக்கி, சோதனைச் செலவைக் கூட்டாகச் சுமக்க வேண்டும். அதற்கு அரசு தோள் கொடுக்க வேண்டும். திருச்செங்கோடு, சேலம் வட்டாரங்களில் நிறைந்திருக்கும் பொறியியல் கல்லூரிகள், மாணவரின் இறுதியாண்டு ஆய்வைக் கடையில் விலைக்கு வாங்கும் மாதிரிகளில் முடித்துவிடாமல், பட்டறைக்குள் அனுப்பி அளக்கவும் வரையவும் செய்ய வேண்டும். மூன்றாவது எளியது, காசு கேளாதது: கட்டிய பட்டறையின் பெயரும், கட்டிய ஆண்டும், தலைமைத் தச்சர், வெல்டர் பெயர்களும் பொறித்த தகடு ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் கண்ணில் படும் இடத்தில் அறையப்பட வேண்டும்.

காடிலாக் இரவல் கேடயத்தோடு பிறந்தது. நம்மவருக்கு அந்த இரவல் வேண்டா. தம் பெயரே போதும். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தத் தச்சன் பெயரை ஔவையாரும் சொல்லவில்லை. இவர்களுடைய பெயர்களையாவது எழுதி வைப்போம்.