பூங்காவில் எத்தனை வகை மரங்கள்?

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்ப் பூங்காவில் எத்தனை மரங்கள் உள்ளன என்று கேட்டால் ஏறக்குறைய ஒரு கணக்குச் சொல்லிவிடுவீர்கள். எத்தனை வகை மரங்கள் என்று கேட்டால்? பலர் விழிப்பீர்கள். பூங்கா அமைப்பவர்களும் அப்படித்தான். "ஆயிரம் கன்றுகள் நட்டோம்" என்று பெருமையுடன் பலகை வைப்பார்கள். ஆயிரமும் ஒரே வகையாக இருந்தாலும் அவர்களுக்கு அது சாதனைதான். அந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து.

காரணம் வேண்டுமா? அமெரிக்க நகரங்களில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் வீதிதோறும் எல்ம் மரங்களே நிழல் தந்தன. 1930ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்தில் அம்மரங்களை ஒரு பூஞ்சைக் காளான் நோய் தாக்கியது. பட்டையைத் துளைக்கும் சிறு வண்டுகள் நோயை மரத்துக்கு மரம் சுமந்து சென்றன. அருகருகே நின்ற எல்ம் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. அவற்றின் வழியாகவும் நோய் பரவியது. பிறகு வந்த ஆண்டுகளில் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின.

அந்த இடங்களில் என்ன நட்டார்கள் தெரியுமா? பல நகரங்களில் ஆஷ் என்ற மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். 2002ஆம் ஆண்டில், ஆசியாவிலிருந்து வந்துசேர்ந்த ஒரு பச்சை நிற வண்டு மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து வாழ்வது. மறுபடியும் கோடிக்கணக்கான மரங்கள் மடிந்தன. மரத்தின் பெயர் மாறியது. செய்த பிழை மாறவில்லை!

ஃபிராங்க் சாண்டமூர் என்ற அமெரிக்க அறிஞர் 1990ஆம் ஆண்டிலேயே ஓர் எளிய விதியைக் கூறியிருந்தார். ஒரு நகரத்து மரங்களில் ஒரே சிற்றினம் 100க்கு 10க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே பேரினம் 20க்கு மேல் கூடாது. ஒரே குடும்பம் 30க்கு மேல் கூடாது.

நம் நாட்டு மரங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டில் தெலங்கானாவில் வேப்ப மரங்கள் நுனி கருகி நின்றன. பூச்சிக்கு மருந்தாகும் வேம்புக்கே அந்த நிலை! வேம்பு நல்ல மரம்தான். ஆனால் வேம்பு மட்டுமே நிற்கும் பூங்கா நல்ல பூங்கா ஆகாது.

சாண்டமூர் விதியில் குடும்பம் ஏன் வருகிறது? பல நோய்களும் பூச்சிகளும் உறவுள்ள மரங்களையே நாடுகின்றன. ஒரு பூங்காவில் புங்கம், புளி, வாகை, சரக்கொன்றை, குல்மோகர், தூங்குமூஞ்சி என ஆறு வகை நிற்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பலவகை. ஆனால் ஆறும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை! இவற்றோடு புன்னை, மகிழம், நாவல், பூவரசு, ஆல் ஆகியவையும் சேர்ந்தால்தான் உண்மையான பலவகை.

புதர்ச் செடிகளையும் மறக்கக் கூடாது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற செடிகளில் முட்டையிடும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு வேண்டும். கத்தரித்த வேலிச்செடியும் புல்தரையும் மட்டும் இருந்தால் அவை எங்கே போகும்?

ஒரே வகை என்றால் பராமரிப்பது எளிது, வரிசை அழகாக இருக்கும் என்பார்கள். உண்மைதான். பல வகை நட்டால் தோட்டக்காரருக்கு வேலை கூடும். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு காலத்தில் இலை உதிர்க்கும். ஆனால் ஒரு பூங்காவே ஒரே ஆண்டில் மொட்டையானால், அந்த நிழல் திரும்ப முப்பது ஆண்டுகள் ஆகலாம். எது பெரிய செலவு?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பூங்காவுக்குச் செல்லுங்கள். நூறு மரங்களை எண்ணி வகை பிரியுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெரியவர்களையோ ஆசிரியரையோ கேளுங்கள். எந்த வகையாவது பத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அடுத்த மரம் நடு விழாவில் உங்கள் கையில் ஒரு கன்றைக் கொடுப்பார்கள். அப்போது துணிந்து கேளுங்கள்: "ஐயா, இந்த வகை நம் பூங்காவில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது?"