நியமனக் கடிதமும் செஞ்சோற்றுக் கடனும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரையையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமும் அங்ஙனமே எண்ணித் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். ஆயின், சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை எம்மைத் தேடிவந்த பழைய மாணவனொருவனின் முகமே முன்வந்து நின்றமையால், கட்டுரை வேறு வழியிற் சென்றுவிட்டது. மலராசிரியர் பொறுத்தருள்வாராக.

அவன் உயர்தர வகுப்பை முடித்தும் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்புக் கிட்டாது நின்றவன். இக்கல்லூரியின் பழைய மாணவரும், கல்லூரி விழாக்களுக்குத் தாராளமாக நன்கொடை வழங்குபவருமாகிய வணிகர் ஒருவரது இரும்புக் கடைக்கு நாமே அவனைக் கடிதங் கொடுத்து அனுப்பினோம். ஒன்பது ஆண்டுகள் அவன் அங்கே உழைத்தான். கடைத் திறப்பை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு முதலாளியின் அன்பையும் பெற்றான். பின்னர் சிறிய வீடொன்று கட்டும் எண்ணத்துடன் வங்கியிற் கடன் கேட்கச் சென்றபோது, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் ஆகிய மூன்றையும் அங்குள்ளோர் கேட்டனர். மூன்றும் அவனிடம் இல்லை. தான் அக்கடையில் வேலை செய்பவன் என்று காட்டுதற்கு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிய சிபாரிசுக் கடிதத்தின் பிரதியொன்றே அவன் கையில் இருந்தது. அதைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தான். அதனைக் கண்டபொழுது நமக்குப் பெருமை தோன்றவில்லை, வெட்கமே தோன்றியது.

முதலாளியைச் சென்று கண்டோம். "கடிதமென்ன மாஸ்டர் கடிதம்! அவன் எங்கட வீட்டுப் பிள்ளை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி சால்வை எடுத்துக் கொடுத்தவரும், அவன் தாயார் நோயுற்றபோது வைத்தியச் செலவை ஏற்றவரும் அவரே. கொடுமைக்கார முதலாளியைப் பற்றி எழுதுவது எளிது. நல்லவரைப் பற்றி எழுதுவதே கடினம். எனினும் ஒன்று கேட்கின்றோம். தேசவழமைப்படி வீட்டுப் பிள்ளைக்கு முதுசத்தில் உரிமையுண்டு. இந்தப் பிள்ளைக்கு எதில் உரிமை? வைத்தியச் செலவு முதலாளியின் மனம் இரங்கியபோது வந்தது. மனம் மாறினால் வராது. உரிமையாக வரவேண்டியது வேறு, இரக்கத்தால் வருவது வேறு.

உரிமை இன்னதென்பதைச் சட்டம் எப்பொழுதோ எழுதிவிட்டது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம், வேலையின் நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்கும் பொறுப்பை முதலாளி மீது சுமத்தியது. டி. பி. இலங்கரத்தின தொழில் அமைச்சராயிருந்தபோது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றிற்று. இன்று ஊழியனின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், முதலாளியின் பணத்திலிருந்து 12 வீதமும் அந்நிதிக்குச் செல்லல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் மேலும் 3 வீதம் செலுத்தல் வேண்டும். அதில் ஒரு சதமேனும் ஊழியனிடம் கழித்தல் ஆகாது. பதினைவர்க்குக் குறையாத ஊழியர் உள்ள இடங்களில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணிக்கொடையும் உண்டு.

மாதம் 30,000 ரூபா பெறும் ஒருவனைக் கணக்கிற் கொள்வோம். சேமலாப நிதிக்கு அவன் பங்கு 2,400. முதலாளி பங்கு 3,600. ஆக மாதம் 6,000 ரூபா. பத்தாண்டில் வட்டி நீங்கலாகவே 720,000 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் மேலும் 108,000 ரூபா. நிதியிலுள்ள தொகையை ஈடாகக் காட்டி வீட்டுக்கடன் பெறவும் வழியுண்டு. எம் மாணவன் வங்கியில் வெறுங்கையுடன் நின்றதன் பொருள் இதுவே. எத்தனை தீபாவளி வேட்டிகள் சேர்ந்தால் இத்தொகை ஆகும்?

முதலாளிமார் கூறும் நியாயங்களையும் நாம் கேளாமலில்லை. மூன்று பேரை வைத்து நடத்தும் சிறு கடைக்குச் சம்பளத்தின் மேல் 15 வீதம் பெருஞ் சுமையே. போரில் கடையையும் கணக்குப் புத்தகத்தையும் ஒருங்கே இழந்து வெறுந்தரையிலிருந்து மீண்டும் தொடங்கியோர் நம்மிடையே பலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அவர்களை மறுபடியும் அலைத்தது. "பிடிக்க வேண்டாம், கையிலே தாருங்கள்" என்று ஊழியர் தாமே கேட்பதும் உண்மை. ஆனால் ஊழியன் வேண்டாமென்றாலும் முதலாளியின் கடமை நீங்குவதில்லை. "இன்னும் பழகுகின்றான், நிரந்தரமாக்கிய பின் பார்ப்போம்" என்பதும் செல்லாது. பயிலுநருக்கும் தற்காலிக ஊழியருக்கும் இச்சட்டம் உரியதே. சாப்பாடு போடுகின்றோம் என்பாரும் உளர். அச்சாப்பாட்டின் பெறுமதியையும் சம்பளத்தோடு சேர்த்தே கணக்கிடவேண்டும் என்பது அவர் அறியாத செய்தி!

இனி எம் துறைக்கு வருவோம். செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லை வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்போம்! பாரதத்துக் கன்னனை எடுத்துக்காட்டி, உண்ட சோற்றுக்கு உயிரையும் கொடுத்தான் என மனம் நெகிழப் பேசியிருப்போம். சோறு உண்டவனின் கடனுக்கு இத்துணை அழகிய பெயரிட்ட நம் மொழியில், வேலை வாங்கியவனின் கடனுக்கு அதுபோல் நாவிற் பழகிய பெயரொன்று எமக்கு நினைவில் வரவில்லை. வள்ளுவர் ஆளைத் தெரிந்து வினையில் அமர்த்தும் முறையை அரசியலில் வைத்தார்; அது அரசனின் பொறுப்பு. நாமோ பொறுப்பு முழுவதையும் வேலையாள் தலையிற் கட்டிவிட்டோம்.

எம் குற்றம் அதனினும் பெரிது. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்றுகின்றோம். விலாசம் எப்பக்கம், திகதி எங்கே, 'இங்ஙனம்' என்பதன் கீழ் என்ன என்றெல்லாம் சிவப்பு மையால் திருத்துகின்றோம். வேலை கிடைத்தபின் கைக்கு வரவேண்டிய கடிதம் எப்படியிருக்கும் என்று ஒரு நாளேனும் காட்டினோமல்லோம். அரசாங்கச் சேவையிலிருக்கும் நமக்கு ஓய்வூதியமும் உண்டு, நமக்குப் பின் மனைவி மக்களுக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும் உண்டு. மாதந்தோறும் சம்பளச் சிட்டை கைக்கு வருகின்றமையால், அது வராதவனின் நிலை நமக்குத் தோன்றவில்லை போலும்.

அந்த வணிகர் எம்மோடு சிறிது கோபித்தார். பின்னர் கடையிலுள்ள நால்வரையும் தொழில் திணைக்களத்திற் பதிந்து, நியமனக் கடிதமும் கொடுத்தார். கழிந்த ஒன்பது ஆண்டுகள் பற்றிய பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. இரு பக்கத்தாரும் எம் மாணவர் பரம்பரையினரே ஆதலின், நாமும் விடுவதாயில்லை. இனிச் சிபாரிசுக் கடிதம் எழுதுமுன், நியமனக் கடிதம் தருவீர்களா என்று கேட்டே எழுதுவதென முடிவு செய்துள்ளோம். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களில் கடையோ, தொழிற்சாலையோ, காரியாலயமோ நடத்துவோர் பலராவர். தாம் ஊழியர்க்குக் கொடுக்கும் நியமனக் கடிதத்தின் வெற்றுப் படிவம் ஒன்றைத் தமிழ்ப் பகுதி, பார்த்து, கல்லூரி முகவரிக்கு அனுப்பிவைப்பின், வருந் தவணையில் விண்ணப்பக் கடிதம் பயிற்றும் கிழமையில் அதனையும் கரும்பலகைக்கு அருகில் ஒட்டிவைப்போம்.