காப்புரிமைக்கு உரை காணல்

நூற்பாவில் ஒரு சொல்லும் வீணே நில்லாது என்பது தமிழ் பயில்வோர்க்கு முதற்பாடம். பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் ஓர் உம்மைக்கும் பொருள் தேடியவர்கள். அவர்தம் உரைகளோடு பொழுது கழிக்கும் யாம் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், பேடெண்டு எனப்படும் காப்புரிமைப் பத்திரத்தின் இறுதியில் நிற்கும் உரிமைக்கோரிக்கை, ஒரே வாக்கியத்தில் அமைந்த நூற்பாவேயாம். அதன் சொற்கள், எம் பல்லடத்துக் காடுகளைச் சூழ்ந்த கிளுவை வேலி போல்வன. உள்ளே அடங்குவது கண்டுபிடித்தவர்க்கு. புறத்தே உள்ளது ஊரார்க்கு.

சென்னை உயர்நீதிமன்றம் கண்ட வழக்கொன்று இதனை விளக்கும். புனே நகரத்துப் பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தார் சிறு எஞ்சின் ஒன்றுக்கு 2005-இல் காப்புரிமை பெற்றனர். உருளைக்கு இரண்டு வால்வு. உருளையின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர். பெட்ரோல் குறைந்த கலவையை எரிக்க இரண்டு ஸ்பார்க் பிளக்: இவை அவர்தம் கோரிக்கையில் உள்ளவை. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட 'ஃபிளேம்' மோட்டார் சைக்கிளிலும் பிளக் இரண்டே, வால்வோ மூன்று. பிளக்கே சாரம், வால்வின் தொகை பொருட்டன்று என்றனர் பஜாஜ் தரப்பினர். இரட்டைப் பிளக் ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே உளது என்றனர் எதிர்த்தரப்பினர். 2008-இல் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதத்தில் இருவர் அமர்வு அதனை நீக்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம் என்றது.

எம் கருத்து இது: எவர் கோரிக்கையாயினும் அதற்குக் கொள்ளும் உரை ஒன்றாதல் வேண்டும். பழைய கண்டுபிடிப்பின் முன் வேலியைக் குறுக்கிக்கொண்டு, அயலான் பொருளைக் கண்டதும் அதனைப் பெயர்த்து அகல நடுதல் தகாது. பின்வந்தால் அத்துமீறலாகும் பொருள், முன்வந்திருப்பின் அக்காப்புரிமையையே அழிக்கும் அன்றோ?

சொல்லையே பற்றி நின்றால், திருகாணி ஒன்றை மாற்றிக் கள்வர் தப்புவர் என்பார் உளர். அவ்வச்சம் மெய்யே. அதற்கு மருந்து, கோரிக்கையை எழுதுங்காலத்தே ஆய்ந்து எழுதுதல். எழுதாததை நீதிமன்றத்தில் வருவித்துரைத்தல் அன்று.

எம்மூர் விசைத்தறிகளுக்குப் பாகம் கடைந்து தரும் பட்டறைக்காரர், ஆண்டுக்கணக்கில் வழக்காடும் பொருளுடையரல்லர். வேலி எங்குளது என்பது அவர்க்கு முன்னரே தெரிதல் வேண்டும். பாத்திரங்களைக் கடைசலிற் பிடித்து நிறுத்தும் கருவி பற்றிய பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், வெறும் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என 1978-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது அவர்க்கு ஓரளவு அரண். இரட்டைப் பிளக் வழக்கோ 2019-இல் சமாதானத்தில் முடிந்தது. இரு நிறுவனத்தார்க்கும் அது நன்றே. மூன்று வால்வுடைய எஞ்சின் அவ்வேலிக்கு உள்ளா புறமா என்னும் வினாவுக்குரிய இறுதி விடைதான் எழுதப்படாமலே நின்றுவிட்டது.