"ஏன் ஓடிபி கொடுத்தே?"ன்னு கேக்காதீங்க, "1930-க்கு அடிச்சாச்சா?"ன்னு கேளுங்க



"சார், நாங்க பேங்க்ல இருந்து பேசுது சார். ஏடிஎம் கார்டு மேல 16 நம்பர் சொல்லு சார்..."

இந்த மாதிரி ஆடியோ கேட்டு சிரிக்காதவங்க நம்மில் யாரு? கூப்பிட்டவனை அரை மணி நேரம் இழுத்தடிச்சு, நக்கல் பண்ணி, கடைசியில நாலு வார்த்தை திட்டி அனுப்புற ரெக்கார்டிங் எத்தனை குரூப்ல சுத்துச்சு! தமிழன்கிட்ட முடியுமான்னு நமக்கும் ஒரு கெத்து.

அந்தச் சிரிப்பு நமக்கு ரெண்டு தப்பான பாடம் சொல்லிக் கொடுத்திருக்குன்னு நான் நினைக்கிறேன். ஒண்ணு, மோசடிக்காரன்னா தமிழ் பேசத் தெரியாதவன். இன்னொண்ணு, அவன்கிட்ட ஏமாறுறவங்க முட்டாள்கள். ரெண்டுமே இன்னைக்கு உண்மை இல்லை. ரெண்டாவது பாடத்தால ஜனங்களோட பணம் நிஜமாவே போயிட்டு இருக்கு.

இப்ப கூப்பிடுறவன் சுத்தமான தமிழ்ல பேசுறான். "அம்மா, உங்க உரிமைத் தொகை ஏறுற அக்கவுண்டுக்கு கேஒய்சி முடியல"ன்னு மரியாதையா ஆரம்பிக்கிறான். உங்க பேரு, பேங்க் பேரு எல்லாம் கையில வச்சிருக்கான். "ஈபி பில் அப்டேட் ஆகல, ராத்திரி 9.30-க்கு கரண்ட் கட் ஆகும்"னு ஒரு சாதாரண 10 இலக்க மொபைல் நம்பர்ல இருந்து மெசேஜ் வரும். பையனுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கம்பான்.

ஓடிபியை வாய்விட்டுக் கேக்கணும்கிற அவசியமும் அவனுக்கு இல்லை. வாட்ஸ்அப்ல ஒரு ஏபிகே ஃபைல் வரும். டிராஃபிக் சலான், பேங்க் ரிவார்டு, கல்யாணப் பத்திரிகைன்னு ஏதாவது ஒரு பேர்ல இருக்கும். அதை இன்ஸ்டால் பண்ணி, கேக்குற பர்மிஷனுக்கெல்லாம் "அலோ" கொடுத்துட்டா, உங்க எஸ்எம்எஸ்ஸை அந்த ஆப்பே படிச்சு அவனுக்கு அனுப்பிடும். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலையே"ன்னு ஒருத்தர் அழுதா நம்புங்க. அவர் சொல்லாமலே போயிருக்கும்.

கண்டுபிடிக்க என்ன வழி? என்னைக் கேட்டா எல்லா அடையாளத்தையும் விடப் பெரிய அடையாளம் ஒண்ணுதான்: அவன் உங்களைப் போனை வைக்க விடமாட்டான். "லைன்லயே இருங்க, கட் பண்ணா அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்"பான். நிஜமான பேங்க்காரருக்கு நீங்க போனை வச்சா ஒரு நஷ்டமும் இல்லை. வீடியோ கால்ல போலீஸ் யூனிஃபார்மோட வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"னு மிரட்டுறவனும் இதையேதான் மணிக்கணக்கா செய்றான். அப்படி ஒரு கைது நம்ம நாட்டுச் சட்டத்துலயே கிடையாது. அதனால கட் பண்ணுங்க. சந்தேகமா இருந்தா கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே அடிங்க. கூகுள்ல தேடி வர்ற கஸ்டமர் கேர் நம்பரை நம்பாதீங்க, அதுலயும் அவன் நம்பர் இருக்கும்.

பேங்க் சேவை தொடர்பா கூப்பிட 1600-ல ஆரம்பிக்கிற நம்பர், விளம்பரத்துக்கு 140-ல ஆரம்பிக்கிற நம்பர்னு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில சொல்லியிருக்கு. அப்புறம், யுபிஐ-ல பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டா உங்க பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம்.

இதெல்லாம் தெரிஞ்சவங்களும் மாட்டுறாங்க. நான் முக்கியமா சொல்ல வந்தது மாட்டினதுக்கு அப்புறம் நடக்கிறதைப் பத்தி.

எங்க வார்டுல காய்கறிக் கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க அக்கவுண்ட்ல இருந்து 38,000 ரூபாய் போயிடுச்சு, மூணு தவணையா. அடுத்த நாள் ரெண்டாவது சனிக்கிழமை, அதுக்கு அடுத்து ஞாயிறு. திங்கக்கிழமை பேங்க் திறக்கட்டும்னு காத்திருந்தாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லல, திட்டுவாரு. காலேஜ் படிக்கிற மகன்கிட்டயும் சொல்லல. ஏன்க்கான்னு கேட்டேன். "அவன் போன்ல இந்த மாதிரி ஏமாந்தவங்கள வச்சு வீடியோ பாத்து சிரிப்பான் தம்பி"ன்னாங்க.

மூணு ராத்திரி அந்த அக்கா தனியா வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. திங்கக்கிழமை பேங்க்ல சொன்னப்பவும் முதல் கேள்வி, "படிச்சுப் படிச்சு சொல்றோம், ஏம்மா கொடுத்தீங்க?" 1930-னு ஒரு நம்பர் இருக்கிறதே அவங்களுக்கு செவ்வாய்க்கிழமை எங்க ஆபீஸ் வந்த பிறகுதான் தெரியும். அதுக்குள்ள பணம் கைமாறிப் போயிடுச்சு.

பணம் எப்படிப் போகுதுன்னு புரிஞ்சா இந்த மூணு ராத்திரியோட விலை புரியும். உங்க அக்கவுண்ட்ல இருந்து நேரா மோசடிக்காரன் கைக்குப் போறதில்லை. முதல்ல யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கிற அக்கவுண்டுக்குப் போகும். அங்கிருந்து நாலா பிரியும், அதுல ஒவ்வொண்ணும் மறுபடி பிரியும், கடைசியில ஏடிஎம்ல காசா எடுப்பான், இல்லைன்னா கிரிப்டோவா மாத்துவான். 1930-க்கு அடிச்சதும் இந்தச் சங்கிலியில இருக்கிற பேங்குகளுக்குத் தகவல் போய், பணம் எந்தக் கண்ணியில நிக்குதோ அங்கேயே நிறுத்தி வைக்கிறாங்க. எடுத்துட்டுப் போன பணத்தை நிறுத்த முடியாது. முதல் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்தான் எல்லாம்.

அதனால பேங்க் திறக்கிறதுக்குக் காத்திருக்காதீங்க. ராத்திரி, ஞாயிறு எதுவும் பார்க்க வேண்டாம். அடிக்கும்போது அக்கவுண்ட் நம்பர், போன தொகை, நேரம், மெசேஜ்ல இருக்கிற டிரான்சாக்‌ஷன் நம்பர் கையில இருக்கட்டும். லைன் கிடைக்கலைன்னா தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போடுங்க. கூடவே பேங்க் ஹெல்ப்லைன்ல சொல்லி கார்டு, யுபிஐ ரெண்டையும் பிளாக் பண்ணி, புகார் எண்ணை எழுதி வச்சுக்கோங்க. ஏபிகே இன்ஸ்டால் பண்ணியிருந்தா முதல்ல அந்தப் போன்ல நெட்டை ஆஃப் பண்ணிட்டு, வேற போன்ல இருந்து அடிங்க.

"நீதானே கொடுத்தே, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு பேங்க்ல சொன்னா அப்படியே திரும்பி வராதீங்க. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? உங்க மேலயும் தப்பு இல்லாம, பேங்க் மேலயும் தப்பு இல்லாம பணம் போயிருந்தா, தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். உங்க கவனக்குறைவாலேயே போயிருந்தாலும், நீங்க புகார் சொன்ன நிமிஷத்துக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. தப்பு வாடிக்கையாளர் மேலன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். இதை எந்தக் கிளையிலயாவது போர்டுல எழுதி மாட்டி நான் பார்த்ததில்லை. "ஓடிபி பகிராதீர்"னு மட்டும் கொட்டை எழுத்துல இருக்கும். நம்ம கடமை போஸ்டர்ல இருக்கு, நம்ம உரிமை ஃபைல்ல தூங்குது.

அசாம்ல ஒரு வாடிக்கையாளர். ஆன்லைன்ல வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்க நினைச்சப்ப, கஸ்டமர் கேர்னு பேசினவன் ஒரு ஆப்பை இறக்க வச்சு 94,000 ரூபாய்க்கு மேல எடுத்துட்டான். அவர் 24 மணி நேரத்துக்குள்ள புகார் கொடுத்தாரு. பேங்க் பொறுப்பேற்க மாட்டேன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2025 ஜனவரி 3 அன்னைக்கு, பணத்தை பேங்க் திருப்பிக் கொடுக்கணும்கிற தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் உறுதி செஞ்சது. உடனே புகார் கொடுத்ததுதான் அவருக்குக் கை கொடுத்துச்சு. உங்க பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலைன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லைன்னா, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். அதுக்குச் செலவு கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

நம்ம பசங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. மேல சொன்னேனே, "யாரோ ஒருத்தர் பேர்ல இருக்கிற அக்கவுண்ட்"னு. அது யாரோடது? வேலை தேடிக்கிட்டு இருக்கிற, பாக்கெட் மணிக்கு ஆசைப்பட்ட காலேஜ் பையனோடது. "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணும் கொடு, மாசம் இவ்வளவு கமிஷன்"னு டெலிகிராம்ல வர்ற ஆஃபர் இதுக்குத்தான். போலீஸ் முதல்ல வந்து நிக்கிறது உன் வீட்டு வாசல்லதான் தம்பி, அவன் வீட்டுல இல்லை. அதே மாதிரி "தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை"ன்னு நம்பிப் போய், மியான்மர்ல அடைச்சு வைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிவாங்கின தமிழ் இளைஞர்களை 2022-ல மீட்டுக் கொண்டு வந்தாங்க. அதனாலதான் சொல்றேன், போன்ல பேசுறவனை "தமிழ் தெரியாதவன்"னு நினைக்காதீங்க. நம்மள மாதிரி இன்ஜினியரிங் முடிச்சு வேலை கிடைக்காம போனவனாகூட இருக்கலாம்.

தோழர்களுக்கு என் வேண்டுகோள் ரெண்டுதான். ஏமாந்தவங்களை வச்சு மீம் போடுறதை நிறுத்துவோம், முதல்ல நம்ம பக்கங்கள்லயே நிறுத்துவோம். அப்புறம், இந்த வாரம் உங்க வார்டுல ரேஷன் கடை, டீக்கடை, மகளிர் குழு கூட்டம்னு ஜனங்க கூடுற இடத்துல 1930-னு பெருசா எழுதி ஒட்டுங்க. உங்க அம்மா, அப்பா போன்ல அந்த நம்பரை "பணம் போனா"ங்கிற பேர்ல சேவ் பண்ணிக் கொடுங்க. கொடுக்கும்போதே, "எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லும்மா, திட்ட மாட்டேன்"னும் சொல்லிடுங்க.

போஸ்டர் டிசைன் முதல் கமெண்ட்ல இருக்கு. வார்டு பேரை மட்டும் மாத்திப் பிரிண்ட் எடுத்துக்கோங்க.