நெற்றியில் இடும் சிலுவை

கலிலேயக் கடலில் புயல் எழுந்த மாலையில், ஆண்டவர் படகின் பிற்பகுதியில் தலையணை மீது துயின்றுகொண்டிருந்தார் என மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம் கூறுகின்றது. திருகோணமலைக் கரையில் வாழும் நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. காற்று மாறிய வேளையில் வள்ளத்தில் ஒருவர் உறங்குவதென்றால் அது எத்தகைய நம்பிக்கை என்பதைத் திருக்கடலூரின் மீனவத் தந்தையர் அறிவர். விண்ணகத் தந்தையின் கையில் தம்மை ஒப்படைத்தவருக்கே அவ்வுறக்கம் வாய்க்கும்.

அன்பார்ந்த பெற்றோரே, அந்த ஒப்படைப்பை நம் பிள்ளைகள் நம்மிடம் கற்கின்றார்களா? மாலை வகுப்பு முடிந்து களைத்து வரும் பிள்ளைக்குக் காத்திருப்பது வீட்டுப்பாடமும், குறைந்த புள்ளிகளுக்கான ஏச்சும், பின்னர் கைத்தொலைபேசியுமே. கண்ணீரோடு அல்லது ஒளிரும் திரையோடு உறங்கிப்போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! 6 முதல் 12 வயது வரையுள்ளோர்க்குக் குறைந்தது 9 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. காலை 5.30க்கு எழவேண்டிய பிள்ளை இரவு 8.30க்கு உறங்கியிருக்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் இக்கணக்கை மறக்கின்றோம். படித்ததை மனத்தில் பதியவைப்பதும் உறக்கமே.

இன்று பெற்றோராக இருக்கும் உங்களுட் பலர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அலையோசைக்கு அஞ்சி விழித்திருந்த பிள்ளைகள். 2006இல் மூதூரில் போர் மூண்டபோது எறிகணைச் சத்தம் கொட்டியாரக் குடாவைத் தாண்டி நகரிலும் கேட்டது. அவ்விரவுகளில் உங்களை உறங்கவைத்தது, அருகிலிருந்து செபமாலை சொன்ன பெரியோரின் குரல் அல்லவா? சத்தமற்ற இந்நாளில் உங்கள் பிள்ளைக்கு அக்குரல் கேட்கின்றதா?

தூங்கி விழும் ஐந்து வயதுக் குழந்தையை முழுச் செபமாலைக்கும் முழந்தாளிடச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தேவ இரகசியம் போதும். ஆனால் நாள்தோறும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கு இருக்கட்டும். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்தி, கைத்தொலைபேசிகளை, முதலில் உங்களுடையதை, அப்பால் வையுங்கள். கைகால் கழுவியபின் விவிலியக் கதை ஒன்று. அன்றைய நாளுக்காக ஒரு நன்றி. புள்ளிகளைப் பற்றிய பேச்சு அந்நேரத்தில் வேண்டாம். பகலில் கடிந்துகொண்டிருந்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பொழுது சாய்ந்த பின்னும் சினம் நீடிக்கலாகாது என்று பவுலடிகள் எபேசியருக்கு எழுதியது பெற்றோருக்கும் உரியதே.

2015 ஜனவரி 14இல் கொழும்பில் யோசவாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தி, அன்றே மடு அன்னையையும் தரிசித்த திருத்தந்தை பிரான்சிஸ், இரு நாட்களின் பின் மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தார். தமது மேசையில் உறங்கும் சூசையப்பரின் சுரூபம் உண்டென்றும், இடர் வரும்போது அதைத் தாளில் எழுதி அச்சுரூபத்தின் கீழ் வைப்பதாகவும் அங்கே கூறினார். பரீட்சைக்கு அஞ்சும் பிள்ளைக்கு இதைவிட எளிய செபம் உண்டோ? அச்சத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதி, வீட்டுச் சூசையப்பரிடம் வைத்துவிட்டுப் படுக்கட்டும்.

பின்னர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுங்கள். இவ்வாசீருக்குக் குருவானவர் வரவேண்டியதில்லை. தந்தை கடலிலோ, சீனன்குடாவில் இரவு வேலையிலோ இருந்தால் தாய் இடலாம். தாய் மத்திய கிழக்கில் உழைக்கின்றார் எனில் அம்மம்மா இடலாம். தொலைவில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஒரு மங்கள வார்த்தைச் செபம். நுளம்புவலையைச் சரிசெய்துவிட்டு விளக்கை அணையுங்கள்.