முந்தானை முடிச்சில் வந்த பணம்



சென்ற பெருநாளைக்கு வீட்டைத் துப்புரவாக்கும்போது, பேத்தியின் கையில் ஒரு வெள்ளிச் சல்லி அகப்பட்டது. சட்டைப் பொத்தான் அளவுதான். ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் கிரீடம், ‘1½’ என்ற இலக்கம், 1843 என்ற ஆண்டு.

“உம்மம்மா, இது ஒன்றரை ரூபாயா?”

“ரூபாயுமில்லை, சதமுமில்லை மகள். பென்ஸ்” என்றேன்.

அக்கால ஆங்கிலேயர் கணக்கில் 12 பென்ஸ் ஒரு சிலிங். 20 சிலிங் ஒரு பவுண். நகைக்கடையில் நாம் இன்றும் சொல்லும் ‘பவுண்’, அந்த ஒரு பவுண் தங்கக் காசின் நிறைதான். ஏறக்குறைய 8 கிராம்.

ஒன்றரைக்கு ஏன் தனி நாணயம்? ஒல்லாந்தர் காலம் முதல் இங்கே இறைசால் என்னும் றிக்ஸ் டொலர் வழங்கியது. ஓர் இறைசாலுக்கு 12 பணம். 1825இல் அரசு ஆங்கில நாணயத்தைச் சட்ட நாணயமாக்கி, ஓர் இறைசாலுக்கு 1 சிலிங் 6 பென்ஸ் என மதிப்பிட்டது. 18 பென்ஸை 12ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு பணத்துக்கு ஒன்றரைப் பென்ஸ்! சந்தைக் கணக்குக்குப் பொருந்திய இந்நாணயம் 1834 முதல் இலங்கைக்கும் வேறு சில குடியேற்ற நாடுகளுக்குமாக அடிக்கப்பட்டது.

1872இல் நமக்கு ரூபாய்க்கு 100 சதம் என்ற கணக்கு வந்துவிட்டது. இந்தியா 1957இலும் பிரித்தானியா 1971இலும்தான் இப்படி மாறின. அதனால் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிய நம்மவர்கள் நெடுங்காலம் சதத்தை மறந்து, ரூபாய்க்கு 16 அணா என்று எண்ண வேண்டியிருந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து நாங்களும் வள்ளமேறினோம். காணி உறுதி, நிக்காஹ் பதிவு எல்லாம் அலுமாரியோடு போயின. என் உம்மாவின் முந்தானை முடிச்சில் இந்தச் சல்லி மட்டும் வந்தது. சிலாவத்துறை முத்துக்குளிப்பில் எங்கள் மூத்தவாப்பா ஒருவர் பெற்ற கூலி என்பார் உம்மா. எந்த மூத்தவாப்பா, எந்த வருடம் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இன்று கேட்பதற்கு உம்மா இல்லை.

ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். வெள்ளியின் நிறைக்குத்தான் விலை சொன்னார். அவர் மேல் பிழையில்லை. கதை இல்லாத சல்லிக்கு நிறைதானே விலை!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் ஆண்டும் அழிந்துவிடும். உலர்ந்த கடதாசியில் சுற்றி வையுங்கள். அதைவிட முக்கியம், யாருடையது, எந்த ஊரில் கிடைத்தது என்று வீட்டில் உள்ள மூத்தவரிடம் இன்றே கேட்டு அக்கடதாசியிலேயே எழுதி விடுங்கள்.

எனக்குத் தெரிந்த பாதிக் கதையை அன்றிரவே என் பேத்தி கொப்பியில் எழுதிக்கொண்டாள். மீதி வரிகளுக்கு இடம் விட்டிருக்கிறாள்.