ஹமதாவின் கரும்பு
ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமதாவின் ஜாடிப் படங்களைப் புரட்டினால் என் கண் அவர் அவற்றில் வரைந்த கரும்பில்தான் போய் நிற்கிறது. 1920களில் ஒகினாவா வயல்களில் அவர் பார்த்தது. பிறகு பல பத்தாண்டுகள் அதையேதான் வரைந்தார். நடுவில் ஒரு தண்டு, சாய்ந்த நாலைந்து தோகை, அவ்வளவுதான். இன்று ஸ்டுடியோ குயவர்கள் பலர் நிஜ இலையையே ஈரக் களிமண்ணில் அழுத்தி, நரம்பு நரம்பாக எடுத்துக்காட்டி, இயற்கையே குரு என்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹமதாவிடம் இயற்கை படத்தோடு நின்றுவிடவில்லை. மண் அவர் குடியேறிய மஷிகோ ஊருடையது. செம்பழுப்புப் பூச்சுக்கு உள்ளூர்க் கல்லை இடித்தார்கள், வெள்ளைப் பூச்சுக்கு உமியை எரித்துச் சாம்பலாக்கினார்கள். எனக்கென்னவோ, கரும்பே வரையாமல் விட்டிருந்தாலும் அந்த ஜாடியில் வயல் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.